ஷன்டிங் எஞ்சினுக்கு மின்சாரம் எதற்கு?

இலங்கையில் வரக்காப்பொலவுக்கு அருகிலுள்ள அம்பேபுஸ்ஸவைத் தாண்டிக் கண்டிக்குப் போகும் ரயில், ரம்புக்கனையிலிருந்து 44 அடிக்கு ஓரடி வீதம் மலையேறுகிறது. அந்த ஏற்றமும் நிலையத்தில் பெட்டிகளை நகர்த்திச் சேர்க்கும் ஷன்டிங் வேலையும் எஞ்சினிடம் கேட்பது வேகத்தை அல்ல, நின்ற இடத்திலிருந்து இழுக்கும் வலுவை.

டீசல் எஞ்சினிடம் அது கிடையாது. சுழலாத எஞ்சினுக்கு ஏது வலு?

ஆகவே டீசல் எஞ்சின், ஜெனரேட்டரை மட்டும் சுழற்றுகிறது. அந்த மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களுக்குப் போகிறது. நிற்கும் மோட்டாரில், மின்னோட்டத்தைத் தடுக்கும் எதிர் மின்னழுத்தம் எழாது. மின்னோட்டம் பெருகி, முறுக்குவிசை உச்சத்தைத் தொடும். அதே மின்னோட்டம் சுருள்களைக் கருக்கியும் விடலாம். அதனால்தான் குளிரூட்ட விசிறிகள்.

கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா 1954இல் வழங்கத் தொடங்கிய 1,425 குதிரைவலு எம்2 ரயில் எஞ்சின் இவ்வகைதான். வேடிக்கை என்னவென்றால், 1969இல் வந்த ஹன்ஸ்லெட் 'வை' வகை ஷன்டிங் எஞ்சின்களில் இழுவை மோட்டாரே இல்லை. எண்ணெய் வழியாகவே வலு சக்கரத்தை அடைகிறது.