இயன் ஹோம்: மேடையை விட்டு விலகி இருந்த வருடங்கள்

லார்ட் ஆஃப் த ரிங்ஸ் படத்துல பில்போவா வர்ற கிழவரை எல்லாருக்கும் தெரியும். ஏலியன் (1979) படத்தில் பால் மாதிரி வெள்ளை ரத்தம் கக்கும் ரோபோ அதிகாரியும் அவரேதான்னு சொன்னா சிலர் நம்ப மாட்டாங்க. இயன் ஹோம், 1931-2020. அவர் சினிமா பட்டியலை எழுத நான் வரவில்லை. அவ்வளவு படங்கள் ஏன் வந்தன என்பதுதான் விஷயம்.

அவர் அடிப்படையில் நாடகக்காரர். 1950களில் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஈட்டி பிடித்து நிற்கும் வேடங்களில் ஆரம்பித்து, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் மூன்றாம் ரிச்சர்ட், ஐந்தாம் ஹென்றி வரை உயர்ந்தார். ஹரோல்ட் பின்டரின் 'தி ஹோம்கமிங்' 1965-ல் அரங்கேறியபோது லென்னி என்ற மகன் வேடம் அவருக்கு. அதே வேடத்துக்கு 1967-ல் நியூயார்க்கில் டோனி விருதும் வாங்கினார்.

1976-ல் யூஜின் ஓ'நீலின் 'தி ஐஸ்மேன் கமெத்' நாடகத்தில் ஹிக்கி வேடம். நாலு மணி நேரத்துக்கும் மேல் ஓடக்கூடிய நாடகம் அது. சாராயக்கடையில் கிடக்கும் குடிகாரர்களிடம், கனவுகளை விட்டொழியுங்கள் என்று ஓயாமல் பேசும் விற்பனையாளன் ஹிக்கி. கடைசி அங்கத்தில் அவனுக்குப் பக்கம் பக்கமாக ஒரே பேச்சு. முன்னோட்டக் காட்சிகளின்போதே ஹோமால் தொடர முடியவில்லை. நடுவில் உடைந்துபோனார். வேடம் கைமாறியது. அதன்பிறகு பதினைந்து வருடத்துக்கும் மேல் மேடையை அநேகமாகத் தவிர்த்தே விட்டார்.

மேடை பயம் புதுமுகங்களுக்குத்தான் வரும்னு நாம நினைப்போம். அப்படியில்லை. லாரன்ஸ் ஒலிவியேவுக்கே ஐம்பது வயதைத் தாண்டியபிறகு வந்தது, அதுவும் அவர் நேஷனல் தியேட்டரின் தலைவராக இருந்தபோது. ஒத்தெல்லோ நடிக்கையில், தான் தனியாகப் பேசும் இடங்களில் தன் கண்ணில் படும்படி திரை ஓரத்திலேயே நில்லுங்கள் என்று இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயைக் கேட்டுக்கொண்டார். என் ஊகம் இது: அனுபவம் கூடக்கூட, எதெல்லாம் தப்பாகப் போகலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் நேரடியாகக் கை வைக்கச் சொன்னால் புதுசா சேர்ந்த பையன் தயங்காமல் வைப்பான், சீனியருக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

சினிமாவில் வசனம் துண்டு துண்டாகத்தான் தேவை, மறந்தால் இன்னொரு டேக். ரேடியோவில் கையிலேயே காகிதம் இருக்கும். 1981-ல் பிபிசி வானொலியின் லார்ட் ஆஃப் த ரிங்ஸில் ஃப்ரோடோவுக்குக் குரல் கொடுத்தது இவர்தான் (இருபது வருஷம் கழித்து திரையில் பில்போ!). அதே 1981-ல் சேரியட்ஸ் ஆஃப் ஃபயர் படத்தில் ஓட்டப் பயிற்சியாளர் சாம் முசாபினியாக வந்தார். தன் சீடன் ஒலிம்பிக்கில் ஓடும்போது முசாபினி மைதானத்துக்குள் போக முடியாது, ஓட்டல் அறையில் காத்திருக்கிறார். தேசிய கீதம் காதில் விழுந்து, ஜன்னல் வழியே கொடி ஏறுவதைப் பார்த்ததும் தன் வைக்கோல் தொப்பியைக் குத்திக் கிழிக்கிறார். வசனம் அனேகமாக இல்லை. ஆஸ்கர் பரிந்துரை, கான் விழாவில் துணை நடிகர் விருது. அரங்கத்துக்கு வெளியே நிற்பவனை இவ்வளவு நன்றாக வேறு யார் நடித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கொஞ்சம் அதிகப்படியான வாசிப்பாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்த விதம் இன்னும் அழகு. 1993, லண்டன் அல்மெய்டா அரங்கு, பின்டரின் 'மூன்லைட்'. சாகக் கிடக்கும் ஆண்டி என்பவர் வேடம். நாடகத்தில் பெரும்பாலும் அவர் படுக்கையில்தான். நடந்து வந்து விளக்கொளியின் நடுவில் நிற்க வேண்டிய அவசியமே கிடையாது. அரங்கும் சின்னது. பின்டர் இதையெல்லாம் கணக்குப் போட்டு எழுதினார்னு சொல்ல வரலை, ஆனால் இதைவிடப் பொருத்தமான வாசல் கிடைத்திருக்காது.

அதற்கு நாலு வருஷம் கழித்து நேஷனல் தியேட்டரின் சிறிய அரங்கான காட்டஸ்லோவில், ரிச்சர்ட் அயர் இயக்கத்தில், லியர் அரசன். புயல் காட்சியில் உடையை முழுவதுமாகக் களைந்து நின்றார். மேடைக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த மனிதர், அறுபத்தைந்து வயதில், சில அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் முன்னால்! 1998-ல் அதற்கு ஒலிவியே விருது கிடைத்தது. ஆம், அந்த ஒலிவியேவின் பெயரில் உள்ள விருதுதான்.

2001-ல் 'தி ஹோம்கமிங்' நாடகத்தில் மறுபடி மேடையேறினார். லென்னியாக அல்ல. இந்த முறை லென்னியின் அப்பா மேக்ஸ்.