அலிபாக்கிலிருந்து வந்தவரா?

மும்பையில் வேலை பார்க்கும் நம்மவர்கள் யாருக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல. மின்சார ரயிலில் தவறான பக்கம் இறங்கப் போனாலும் சரி, ரேஷன் கடையில் விவரம் தெரியாமல் வேறு வரிசையில் நின்றாலும் சரி, பக்கத்தில் நிற்பவர் கேட்டுவிடுவார்: "அலிபாக் ஸே ஆயா ஹை க்யா?" உலகம் தெரியாத அப்பாவியா நீ என்று பொருள்.

இந்தக் கேலி தம் ஊரையே இழிவுபடுத்துகிறது, இதைத் தடை செய்ய வேண்டும் என்று அலிபாக் தாலுகாவைச் சேர்ந்த ஒருவர் மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்றார். 2019-ஆம் ஆண்டில் மனு தள்ளுபடியாயிற்று. எல்லாச் சமூகத்தாரைப் பற்றியும் இத்தகைய கேலிகள் உண்டு, இதற்கெல்லாம் மனம் வருந்த வேண்டாம் என்பது நீதிபதிகளின் கருத்து. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் "மதராஸி" என்ற ஒரே சொல்லில் நாற்பது வருஷம் காலம் தள்ளியவர்களுக்கு, மனுப் போட்டவரின் மனம் நன்றாகவே புரியும்.

கேலிக்கு ஆளான அந்த ஊர் எப்படிப்பட்டது? மும்பைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. தென்னந்தோப்பும் பாக்குத்தோப்புமாக, நாகர்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போன்ற ஊர். ராய்கட் மாவட்டத்தின் தலைநகர். 1981-க்கு முன் அந்த மாவட்டத்துக்குக் கொலாபா என்று பெயர். மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அது காந்த ஊசிகளின் கணக்கைக் கெடுத்துவிடும் என்று பயந்து, 1904-இல் பூகாந்த ஆராய்ச்சி நிலையத்தை இங்கேதான் கொண்டுவந்தார்கள். அப்பாவிகளின் ஊருக்கு அறிவியல் வந்து சேர்ந்த கதை இது!

கடற்கரையில் நின்றால் எதிரே தெரிவது கொலாபா கோட்டை. சிவாஜி காலத்தில் எழும்பியது. மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரே இங்கிருந்துதான் வெள்ளைக்காரக் கப்பல்களை நடுங்க வைத்தார். 1721-இல் ஆங்கிலேயரும் போர்ச்சுக்கீசியரும் கூட்டாகப் படையெடுத்து வந்தும் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. சுற்றிலும் உப்புக் கடல், உள்ளே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. கடல் வற்றியிருக்கும்போது மணலில் நடந்தே போய்விடலாம். ஏறிவிட்டால் படகுதான்.

சஷ்டி விரதத்தன்று

1970-களின் நடுவில், ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. மாதுங்கா லேபர் கேம்பில் குடியிருந்த நெல்லைச் சீமைக் குமாஸ்தா ஒருவர், மனைவியையும் நாலு வயது மகனையும் கூட்டிக்கொண்டு பாவுச்சா தக்காவில் ரேவஸ் லாஞ்சு ஏறினார். அவர் பம்பாய்க்கு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று தெருவில் கோஷம் போட்ட நாட்களைப் பார்த்தவர். வேட்டியோடு ஸ்டேஷனுக்குப் போவதை அப்போதே நிறுத்திவிட்டார். மராட்டியில் இரண்டு வார்த்தை பேசவும் கூச்சம். பேசினால் ஆள் யார் என்று தெரிந்துவிடுமே!

ரேவஸில் இறங்கி எஸ்.டி. பஸ் பிடித்து அலிபாக் கடற்கரைக்கு வந்தபோது மணி பதினொன்று. கணுக்கால் அளவுதான் தண்ணீர். குதிரை வண்டிக்காரர் ஒருவர், "சீக்கிரம் திரும்பி வாருங்கள், பர்தி வரும்" என்றார். பர்தி என்றால் கடல் ஏற்றம் என்பது நம்மவருக்குத் தெரியாது. வாடகைக்காகச் சொல்கிறார் என்று நினைத்து நடந்தே போய்விட்டார்.

கோட்டைக்குள் பிள்ளையார் கோவில் இருக்கிறது. 1759-இல் ஆங்கரே வம்சத்தார் கட்டியது. சாமி கும்பிட்டு, சக்கரம் வைத்த பீரங்கிகளைப் பையனுக்குக் காட்டி, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து முடித்து வெளியே வந்து பார்த்தால், வந்த வழியைக் காணோம். மணல் இருந்த இடமெல்லாம் அலை. ஓரளவு இறங்கிப் பார்த்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. "ஏங்க, திரும்பிருங்க" என்று மனைவி கத்தினாள். பையன் அழ ஆரம்பித்தான்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. காலையில் பார்த்த அதே ஆள்தான். மூன்று பேர் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லையே என்று கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாராம். குதிரையின் மார்பளவு தண்ணீரில் வண்டி ஆடி ஆடிக் கரை சேர்ந்தது. மூவரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். பையன் உடம்பு நடுங்கியது.

வண்டிக்காரர் அவர்களை நேரே கோலிவாடாவில் இருந்த தம் அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனார். வாசலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், யார் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "ஜேவ்லாத் கா?" என்பதுதான் முதல் கேள்வி. சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் ஊர் வாசலில் கேட்பதும் அதைத்தானே!

பையனைத் துவட்டிக் கம்பளியில் சுற்றினார்கள். குமாஸ்தாவின் மனைவிக்குத் தம்முடைய ஒன்பது கஜச் சேலையைக் கொடுத்து, கோலிப் பெண்கள் முழங்கால் வரை கச்சம் வைத்துக் கட்டுவது போலவே கட்டிவிட்டார் அந்த அம்மாள். அம்மாவைப் பார்த்துப் பையன் அழுகையை மறந்து சிரித்தான். தட்டில் அரிசி மாவு பாக்ரியும், கோகம் புளி போட்ட மீன் குழம்பும் வந்தன. அந்தப் பெண்ணோ சஷ்டி விரதம். புளியோதரைகூட அவள் தொடவில்லை. எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கி, "உபவாசம்" என்றாள். "உப்வாஸ்!" என்று அந்த அம்மாள் முகம் மலர எழுந்து உள்ளே போனார். அரை மணியில் வேர்க்கடலை தூவிய ஜவ்வரிசிக் கிச்சடி வந்தது. மராட்டிய வீடுகளில் விரதத்துக்கு அதுதான் பலகாரம். பொதுவாக ஒரு மொழி இல்லாத இரண்டு பெண்களும் அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். என்ன பேசினார்கள் என்று குமாஸ்தாவுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

பையனுக்கு லேசாகக் காய்ச்சல் கண்டதால் இரவு அங்கேயே தங்கினார்கள். காலையில் பணம் நீட்டியபோது வண்டிக்காரர் வண்டி வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டார். அம்மாள் அதுவும் வாங்கவில்லை. சரமாகப் பின்னிய வெள்ளை வெங்காயத்தைப் பையன் கழுத்தில் மாலையாகப் போட்டு அனுப்பினார். இன்று புவிசார் குறியீடு பெற்று விலை ஏறி நிற்கிறதே, அதே அலிபாக் வெங்காயம்தான்.

திங்கட்கிழமை லீவு போனதற்கு ஆபீசில் காரணம் சொன்னார். கடல் ஏறியது தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்றதும், சூப்பர்வைசர் வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஆமாம் சாப், அங்கிருந்துதான் நேரே வருகிறேன்" என்றார் நம்மவர், மராட்டியிலேயே.

திதிக் கணக்கு

அதற்குப் பிறகு பல வருஷம் அவர்கள் போய்வந்தார்கள். ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியில் கோலிகளுக்கு நாரளி பூர்ணிமா. மழைக்காலம் தணிந்து மீன்பிடிக்கப் போகுமுன் கடலுக்குத் தேங்காய் விடும் திருநாள். பன்வேல், பேண் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் எஸ்.டி. பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு, கையில் தேங்காயோடு போவார்கள்.

கடல் ஏறும் நேரத்தைக் கணக்கிட வண்டிக்காரர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கொங்கணக் கரை மீனவர்களின் பழைய கணக்கு அது. திதியின் எண்ணை முக்காலால் பெருக்க வேண்டும். வருவதுதான் ஏற்றம் உச்சிக்கு வரும் மணி. பகலிலும் இரவிலும் ஏறக்குறைய அதே மணிதான். அதிலிருந்து ஆறு மணி நேரம் தள்ளினால் வற்றம். இந்த வழியாகப் பார்த்தால் சஷ்டிக்கு ஆறு முக்கால் நாலரை. காலை பத்தரைக்கே வற்றம் முடிந்து, பதினொன்றுக்கெல்லாம் தண்ணீர் திரும்பியிருக்கிறது! தினசரிக் காலண்டரில் திதி பார்க்காமல் செருப்புக்கூட வாங்காத குமாஸ்தாவுக்கு அன்று வந்த வெட்கம் கொஞ்சமல்ல.

இப்போது கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறினால் சுமார் ஒரு மணியில் மாண்ட்வா. அங்கிருந்து அலிபாக் வரை பஸ் கட்டணமும் படகுச் சீட்டிலேயே சேர்ந்திருக்கும். கடும் மழை மாதங்களில் இந்தப் படகுகள் கிடையாது. கோட்டைக்குப் போகிறவர்கள் கரையில் உள்ள வண்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கணக்குப்படி பார்த்தால் அஷ்டமிதான் வசதி. எட்டு முக்கால் ஆறு, ஆகவே வற்றம் நடுப்பகலில் வரும். அஷ்டமியில் எந்தக் காரியமும் தொடங்காத குமாஸ்தாவின் மனைவி, அலிபாக் பயணத்துக்கு மட்டும் அந்தத் தேதியையே பென்சிலால் வட்டமிட்டு வைப்பார்.