பட்டை உரித்த கைகள்

தேக்கடி ஏரியில் படகேறியவர்கள், தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கும் மொட்டை மரங்களையும், அவற்றின் நுனியில் சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகங்களையும் மறந்திருக்கமாட்டார்கள். 1895ல் முல்லைப் பெரியாறு அணை எழும்பியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அம்மரங்கள். ஆயின், இத்தனை ஜனங்கள் வந்துபோவதால் அந்த வனத்து யானைக்கும் புலிக்கும் யாதொரு நன்மையேனும் உண்டா என்று அறிய விரும்புகிறவர், படகுத்துறையை விட்டு, அட்டை ஏறாதபடி முழங்கால்வரை துணியுறை கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கவேண்டும்.

அவ்விதம் நம்மை நடத்திச் செல்பவர்களில் சிலருடைய பூர்வ விருத்தாந்தம் விசேஷமானது. 1978ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அவ்வனத்தில், மலையாளத்தில் 'வயணா' என்று வழங்கும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்பதே அவர்களுக்கு ஜீவனோபாயமாக இருந்தது. சுற்றிலும் பட்டை போன மரம் நின்றபடியே பட்டுப்போகும். எந்தச் சரிவில் யானை இறங்கும், எந்த ஓடையில் கோடையிலும் நீர் ஊறும், எங்கே ஒளிந்தால் காவலர் கண்ணுக்குத் தப்பலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு உள்ளங்கை ரேகைபோலத் தெரியும். 1996ல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டம் அந்த ஞானத்தையே முதலாகக் கொண்டது. பட்டைத் தொழிலைக் கைவிட்டவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். பிரயாணிகளைச் சிறு சிறு கூட்டமாக அழைத்துச் சென்று காட்டில் இராத் தங்கவைத்தார்கள். அதில் வரும் கட்டணத்தால் குடும்பம் நடத்தினார்கள். பிரயாணி காடு பார்க்கப் போகிறான். அவனை அழைத்துப் போகிறவனுடைய கண்ணோ, புதிதாய் வெட்டுப்பட்ட கிளையையும் அந்நியக் காலடியையும் தேடிக்கொண்டே போகிறது.

உல்லாசப் பிரயாணம் வனத்தைக் காக்குமா என்ற கேள்விக்கு, பணம் யார் கைக்குப் போகிறது என்பதே விடை என்பது என் திடமான அபிப்பிராயம். வனத்தின் விளிம்புவரை நெருங்கிவிட்ட விடுதிகளின் கல்லாவோடு அது நின்றுவிடுமானால், யானைக்கு மிஞ்சுவது இரைச்சலும் பிளாஸ்டிக் பையுமே. கோடரி எடுக்கக்கூடிய கைக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தக் கை காவற்கையாகிறது. ஆனால் இந்த ஊன்றுகோலும் முறியக்கூடியது. 2020ல் பெருந்தொற்றுக்காகக் காப்பகத்தின் கதவு சாத்தப்பட்டபோது, பிரயாணிகளை நம்பிய வருமானம் ஒரே நாளில் நின்றுபோயிற்று.

பிரயாணிகளையோ கட்டணத்தையோ நம்பாத காவலும் அங்கே உண்டு. வனத்தை அடுத்த குடியிருப்புகளிலுள்ள பெண்கள் 2002 முதல் 'வசந்த சேனை' என்ற பெயரில் ஒன்றுகூடி, கூலி வாங்காமல், நாளுக்குச் சிலராக முறை வைத்துக்கொண்டு ரோந்து போகிறார்கள். அடுப்பு வேலையை முடித்துவிட்டுப் புறப்படும் அவர்கள், காட்டோரத்துச் சந்தன மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்.