ஒளிப்படக் கருவியின் வில்லை மூடி

ஒளிப்படக் கருவியின் முன்பக்கக் கண்ணாடியைத் தூசி, கீறல், ஈரம், கைரேகை ஆகியவற்றிலிருந்து காப்பதற்காகப் பொருத்தப்படும் வட்டமான தகடு வில்லை மூடி ஆகும். பேச்சு வழக்கில் இது லென்ஸ் மூடி, லென்ஸ் கேப் என்று சொல்லப்படுகிறது. இன்று இது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் செய்யப்படுகிறது. பழைய கருவிகளில் பித்தளையாலும் தோலாலும் ஆன மூடிகள் இருந்தன. கழற்றி எங்கோ வைத்துவிட்டுப் பிறகு தேடும் பொருள் என்றே பலருக்கும் இது நினைவில் இருக்கும். ஆனால் ஒரு காலத்தில் படம் பதியும் நேரத்தையே இந்த மூடிதான் தீர்மானித்தது.

மூடியே ஷட்டராக இருந்த காலம்

1851-இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரத் தகட்டு முறையை வெளியிட்டார். அம்முறையில் ஒரு படம் பதியப் பல நொடிகள் தேவைப்பட்டன. அதற்கு முந்தைய காகித நெகட்டிவ் முறையில் நிமிடக்கணக்கில்கூட ஆகும். அவ்வளவு மெதுவான வேலைக்கு இயந்திர ஷட்டர் வேண்டியதில்லை. படக்காரர் கையால் மூடியை எடுப்பார், மனத்துக்குள் எண்ணுவார் அல்லது கடிகாரத்தைப் பார்ப்பார், மீண்டும் மூடுவார். அவ்வளவுதான்.

சென்னை அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படம் பிடித்தது இந்தக் காலத்தில்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒரே நீண்ட படமாக இணைத்தார். அக்காலப் படங்களில் கோயில் முற்றங்களும் வீதிகளும் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்து, மக்கள் அங்கு வரவே இல்லை என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. மூடி திறந்திருந்த நேரத்தில் நடந்து கடந்தவர்கள் பதியவில்லை. கல் அசையாததால் பதிந்தது.

1870-களுக்குப் பின் உலர் தகடுகள் பரவின. அவற்றுக்கு நொடியில் ஒரு பங்கு நேர ஒளியே போதுமானதாக இருந்தது. கையால் அவ்வளவு விரைவாகத் திறந்து மூட இயலாது. எனவே இயந்திர ஷட்டர் வந்தது. மூடிக்குக் காவல் வேலை மட்டும் மிஞ்சியது.

கழற்ற மறந்த மூடி

பார்வைத்துளை வேறு, வில்லை வேறு என்று அமைந்த கருவிகளில் ஒரு பொறி உண்டு. மூடி போட்டிருந்தாலும் பார்வைத்துளையில் காட்சி தெளிவாகவே தெரியும். பொத்தானை அழுத்தினால் சத்தமும் கேட்கும். படச்சுருளைக் கழுவிய பிறகுதான் உண்மை புலப்படும்: ஒளியே படாத நெகட்டிவ் ஏதும் பதியாமல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், அதை அச்சிட்டால் வெறும் கறுப்புதான். சுருளுக்கு 36 படங்கள் என்று எண்ணி எடுத்த நாட்களில் இது சிறிய இழப்பன்று. திருமண வீட்டில் தாலி கட்டும் நேரம் ஒருமுறைதான் வரும். மாப்பிள்ளையை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது.

அப்படியானால் மூடியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றால், அதுவும் ஆபத்து. துணியால் ஆன ஷட்டர் கொண்ட லைக்கா போன்ற கருவிகளை மூடி இல்லாமல் வெயிலை நோக்கி வைத்தால், வில்லை பூதக்கண்ணாடியாகி ஷட்டர் துணியில் துளை போட்டுவிடும். மூடினால் மறதி, திறந்தால் தீ.

ஸ்டூடியோக்களில் பெரிதும் பயன்பட்ட இரட்டை வில்லைக் கருவிகளுக்கு நல்லதொரு வழி கண்டார்கள். பார்க்கும் வில்லை மேலேயும் படம் எடுக்கும் வில்லை கீழேயும் இருக்கும் அக்கருவியில், இரண்டையும் சேர்த்து மூடும் ஒரே மூடி வந்தது. கழற்றாமல் காட்சியைப் பார்க்கவே முடியாது என்பதால் மறதிக்கு இடமில்லை. எஸ்.எல்.ஆர். கருவிகளிலும் இன்றைய டிஜிட்டல் கருவிகளிலும் வில்லை வழியாகவே பார்ப்பதால் மூடி இருந்தால் இருட்டாகவே தெரியும். ஒரு அசட்டுச் சிரிப்போடு போய்விடும்.

விண்வெளியில் அந்தச் சிரிப்புக்கும் வழியில்லை. 1975-இல் வெள்ளிக் கோளில் இறங்கிய சோவியத் கலங்களான வெனீரா 9, வெனீரா 10 ஒவ்வொன்றிலும் இரண்டு கேமராக்களில் ஒன்றின் மூடி விழவில்லை. பாதிக் காட்சியே கிடைத்தது. 1978-இல் சென்ற வெனீரா 11, 12 கலங்களில் ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. 1982-இல் வெனீரா 14-இன் மூடி ஒழுங்காகக் கழன்று விழுந்தது. ஆனால் மண்ணின் தன்மையை அளக்க நீண்ட கருவிக் கை நேராக அந்த மூடியின் மேலேயே போய் இறங்கியது.

கடலூரும் சிதம்பரமும்

மூடியின் தேவையை அறியக் கடலூர் மாவட்டம் பொருத்தமான இடம். தேவனாம்பட்டினத்தின் வெள்ளிக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். அதைப் படமெடுக்க வருவோர் விடியலுக்கு முன்பே நிற்பர். கடற்காற்றில் வரும் உப்பு ஈரம் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். மூடியைக் கழற்றி மணலில் கவிழ்த்து வைத்து, அப்படியே திரும்பப் போடுவது பலரும் செய்யும் தவறு. ஒட்டிய மணல் கண்ணாடிக்கும் மூடிக்கும் இடையே அகப்பட்டு, காக்க வேண்டிய மூடியே கீறலுக்குக் காரணமாகிவிடும். பையில் போடுவதும், போடுமுன் ஊதிவிடுவதும் நல்லது. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன் மூடியைக் கழற்றினால் கண்ணாடி வேர்த்துப் பனி மூடும். சிறிது நேரம் பைக்குள்ளேயே விட்டு, வெளி வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரத்தில் வேறு சிக்கல். படகு ஆடும்; ஒரு கையில் கருவி, மறு கையில் மூடி. சதுப்புநிலக் காட்டின் வாய்க்காலில் விழுந்த மூடியை யாரும் திரும்ப எடுப்பதில்லை. மூடியைக் கருவியோடு பிணைக்கும் சிறு கயிறு இங்குதான் பயன்படும். பலத்த காற்றில் அது படபடவென்று அடித்துத் தொல்லை தரும் என்பதும் உண்மை.

நடராசர் கோயில் கோபுர வாயில்களின் உட்சுவர்களில் பரத நாட்டியக் கரணச் சிற்பங்கள் உள்ளன. வெளி முற்றத்தின் வெயிலிலிருந்து அந்த இடைவழிக்குள் நுழைந்து கருவியைக் கண்ணில் வைத்தால் முதலில் இருட்டாகவே தோன்றும். மூடி இருக்கிறதோ என்று விரல் தானாக முன்னே போகும். சன்னிதிப் பகுதியில் படம் எடுக்க அனுமதி இல்லை. அங்கே மூடியைப் போட்டுக்கொண்டு நிற்பது, படம் எடுக்கவில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லும் வழியும்கூட.

புதிய மூடி வாங்கும்போது

தொலைந்த மூடிக்கு மாற்று வாங்குவோர் அடிக்கடி எண்ணைத் தவறாகச் சொல்கின்றனர். வில்லையில் 18-55 என்று எழுதியிருப்பது குவியத் தொலைவு; மூடியின் அளவு அன்று. வட்டத்தின் குறுக்கே கோடிட்ட குறியின் அருகில் உள்ள எண்ணே விட்டம். கேனான் நிறுவனத்தின் ஈ.எஃப்-எஸ் 18-55 வில்லைக்கு வேண்டியது 58 மி.மீ. மூடி. 49, 52, 55, 67, 77 ஆகியவையும் வழக்கமான அளவுகள். ஓரத்தைப் பிடித்துக் கழற்றும் மூடியைவிட நடுவில் கிள்ளிக் கழற்றும் மூடி வசதியானது. வில்லையின் முன்னே வெயில் மறைப்பு மாட்டியிருந்தாலும் விரல் எட்டும்.

மூடி காற்றுப் புகாத அடைப்பு அன்று. ஈரத்தோடு மூடிப் பெட்டியில் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருப்பது அவசியம்.

மூடியை வேண்டுமென்றே போட்டுப் படம் எடுப்பவர்களும் உண்டு. நட்சத்திரங்களை நீண்ட நேரம் படம் பிடிக்கும்போது, வெப்பத்தால் கருவியின் உணரியில் பொய்யான புள்ளிகள் தோன்றும். எனவே அதே நேர அளவில், மூடியைப் போட்டுச் சில இருட்டுப் படங்களும் எடுப்பார்கள். அவற்றில் பதிந்தவை முழுவதும் கருவியின் பிழைகளே என்பதால், கணினியில் அவற்றை வான்படத்திலிருந்து கழித்துவிடுவார்கள்.