மாத்திரையும் மணத்தக்காளியும்

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டரிடம் போகாமல் மருந்துக் கடையில் தானே வாங்கி, விடிந்ததும் வெறும் காபியோடு ஒரு மாத்திரை, ராத்திரி இன்னொன்று என்று விழுங்கி வந்தார். "வயிறு புண்ணாயிடாதா பெரியம்மா?" என்று கேட்டால், "அதுக்குத்தானேடி தினமும் மணத்தக்காளிச் சாறு குடிக்கிறேன்! எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று. தலை சுற்றி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மணத்தக்காளி மேல் தப்பா? இல்லை. அதை நம்பி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கியதுதான் தப்பு.

வயிறு ஏன் புண்ணாகிறது?

இரைப்பையில் சுரக்கும் அமிலம் இரைப்பையையே அரிக்காமல் ஒரு வழவழப்பான படலம் காக்கிறது. அந்தப் படலம் உருவாக புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் அதன் உற்பத்தியையே குறைத்துவிடுகின்றன. இதை 1971-ல் கண்டு சொன்ன ஜான் வேனுக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரை ரத்தத்தில் கலந்தும் இந்த வேலையைச் செய்வதால், சாப்பிட்ட பின் விழுங்கினால் எரிச்சல் குறையுமே தவிர ஆபத்து முழுவதும் போய்விடாது.

மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கூட்டு வைத்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும். மோரும் நல்லதே. அதிமதுரத்தைப் புண்ணுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொட வேண்டாம். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். உடம்பிலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும்.

ஈரலுக்குக் கீழாநெல்லியா?

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் பாட்டிமார் காலத்து நம்பிக்கை. சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சி, ஹெபடைடிஸ்-பி கிருமிக்கு அது நல்ல பலன் தருவதாக 1988-ல் சொன்னது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமியால் வரும் காமாலைக்குத்தான். மாத்திரையால் கெட்ட ஈரலுக்கு அல்ல.

பாரசிட்டமாலைச் சாதுவான மாத்திரை என்று நினைக்கிறோம். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுதான் உச்சவரம்பு. ஜுர மாத்திரை ஒன்று, சளி மாத்திரை ஒன்று என்று போடும்போது இரண்டிலும் அதே மருந்து இருக்கலாம். அட்டையைப் படித்துப் பாருங்கள். அளவு மீறிவிட்டால் கீழாநெல்லி தேடி அலையாதீர்கள். ஆஸ்பத்திரியில் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது. முதல் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம்.

காசநோய் மாத்திரைகளும் சிலருக்கு ஈரலைத் தாக்கும். பசியே இல்லை, குமட்டுகிறது, கண் மஞ்சளாகிறது, சிறுநீர் டீத் தண்ணீர் போல் போகிறது என்றால் அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

"மூலிகைதானே, கெடுதல் பண்ணாது" என்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் கெட்டதாக மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சமையலில் போடும் மஞ்சள் வேறு, மஞ்சள் சத்தை வடித்தெடுத்த மாத்திரை வேறு. அந்த மாத்திரையாலும் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது.

பெரியம்மா இப்போதும் மணத்தக்காளிக் கூட்டு சாப்பிடுகிறார். வலி மாத்திரைக்கு மட்டும் டாக்டர் சீட்டு வேண்டும். கஷாயம் குடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுகிறார். "கீரை சோத்துக்குடி, காவலுக்கு இல்லே" என்கிறார் சிரித்துக்கொண்டே. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோமே!