சீட்டுப் போட்டிக்கு முதல்முறை நடுவராகப் போகிறவருக்கு

சங்க விழாக்களை ஒட்டி நடக்கும் போட்டிகளில் கோலத்துக்கும் பாட்டுக்கும் நடுவராக இருக்க ஆள் கிடைத்துவிடுகிறது. சீட்டுப் போட்டி என்றால் மட்டும் எல்லோரும் ஆடத்தான் வருகிறார்கள். நடுவர் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. கடைசி நேரத்தில் ஓய்வு பெற்றவர் ஒருவரைப் பிடித்து, "நீங்க சும்மா உட்கார்ந்தா போதும் சார்" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்படி உட்கார வைக்கப்பட்டவர்களில் அடியேனும் ஒருவன். சும்மா உட்கார்ந்தால் போதாது என்பது அன்று மாலையே தெரிந்துபோயிற்று. அதனால்தான் இந்தக் கட்டுரை.

"சங்கத்தில் சீட்டாட்டமா?" என்று முகம் சுளிக்கும் அன்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-ல் தீர்ப்புச் சொன்னபோது, ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், மூன்று சீட்டு போல வெறும் அதிர்ஷ்டம் அன்று என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆனால் ஆட்டத்தை வைத்து இடத்துக்காரர் லாபம் பார்த்தால் அது வேறு விஷயம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. ஆகவே நடுவரின் முதல் வேலை, மேஜையில் பணம் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்வது. "ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய், சும்மா ஜாலிக்கு" என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுங்கள். பரிசு ஒரு எவர்சில்வர் டப்பாவாக இருந்தால் போதும். அதற்கே என்ன சண்டை வருகிறது என்பதைப் பாருங்கள்!

சண்டைக்குக் காரணம் பேராசை இல்லை. பெங்களூரில் ஒரு மேஜையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால் ஆறு ஊர்ச் சட்டம் உட்காருகிறது. ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம், ஒருவர் தங்கவயல், ஒருவர் மூன்று தலைமுறையாக அல்சூர்வாசி. அடுத்த வீட்டுக் கன்னட நண்பர் 'இஸ்பீட்டு' ஆட ஆசையாக வந்திருப்பார். மலையாள நண்பருக்கு இருபத்தெட்டுதான் ஆட்டம். எல்லோரும் ரம்மி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டில் ராஜா, ஆஸ், இரண்டு என்று வரிசை சேரும். இன்னொருவர் வீட்டில் சேராது. ஆஸ், இரண்டு, மூன்று சேரும், ராணி, ராஜா, ஆஸ் சேரும், சுற்றி வளைத்துச் சேராது என்பதுதான் பெருவழக்கு. தாத்தா காலத்திலிருந்து வேறு மாதிரி ஆடியவரிடம் ஆட்டத்தின் நடுவில் இதைச் சொன்னால், அவர் தாத்தாவையே நாம் குறை சொன்னதாக ஆகிவிடும்.

எனவே சட்டமெல்லாம் சீட்டைப் போடுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மேஜைக்கு ஒன்றாக வைத்து, உரக்கப் படித்தும் காட்டுங்கள். ஆளுக்கு 13 சீட்டு, ஆறு பேர் என்றால் இரண்டு கட்டு, ஜோக்கர் சேர்த்து. ஜோக்கர் இல்லாத வரிசை ஒன்றாவது கட்டாயம், அதைத் தவிர இன்னொரு வரிசையும் வேண்டும். ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, முழுக் கணக்கு 80. தப்பாக ஷோ காட்டினாலும் 80. ஒரே ஜாதிச் சீட்டு இரண்டை ஒரு செட்டில் வைக்கக் கூடாது. இரண்டு ஆடுதன் ஏழும் ஒரு இஸ்பேட்டு ஏழும் செட் ஆகாது. இரண்டு கட்டு வைத்து ஆடும்போது புதியவர்கள் விழும் குழி இதுதான். அச்சடித்த ஜோக்கரே வெட்டு ஜோக்கராக வந்துவிட்டால் என்ன செய்வது, தப்பு ஷோ காட்டியவர் போனபின் மற்றவர்கள் ஆட்டத்தைத் தொடரலாமா, கீழே கிடக்கும் ஜோக்கரை எடுக்கலாமா, இந்த மூன்றையும் மறக்காமல் எழுதிவிடுங்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் குற்றமில்லை. முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

201 புள்ளி வரை ஆடுவது கிளப்புக்குச் சரி. விழா நாளில் அது சாப்பாட்டுப் பந்தியைத் தாண்டிப் போகும். ஆறு பேருக்கு ஆறு ஆட்டம், ஆளுக்கு ஒரு முறை சீட்டுப் போடும் முறை, மொத்தத்தில் குறைந்த புள்ளி எடுத்தவர் வெற்றி என்று வைத்தால் எல்லோருக்கும் இடம் சமமாகச் சுற்றி வந்துவிடும். கட்டுகளை எண்ணிப் பார்த்து வையுங்கள். ஒரு சீட்டு குறைந்த கட்டில் நாலு ஆட்டம் ஆடிவிட்டு, பிறகு அது சோபாவுக்கு அடியில் கிடைத்தால் அதற்குத் தீர்ப்பு சொல்ல எந்த நீதிபதியாலும் முடியாது.

இனி நான் செய்த தவறு. சில வருடங்களுக்கு முன், கடைசிச் சுற்று. வெட்டு ஜோக்கர் ஆடுதன் இரண்டு. ஆகவே எல்லா இரண்டும் ஜோக்கர். சங்கத்தின் மூத்த அன்பர் ஒருவர் ஷோ காட்டினார். அவருடைய சுத்த வரிசை இஸ்பேட்டு ஆஸ், இரண்டு, மூன்று. எதிரே இருந்தவர், "ஜோக்கர் வெச்சிருக்கார், இது எப்படி சுத்தமாகும்?" என்றார். நான் எட்டிப் பார்த்தேன், இரண்டைக் கண்டேன், "ஆமாம், ஜோக்கர்தான், தப்பு ஷோ, 80" என்று சொன்னேன். சொன்ன கையோடு, அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிறதே என்று சீட்டையும் வாரிக் கலைத்துவிட்டேன்.

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இஸ்பேட்டு இரண்டு தன் ஜாதியில் தன் இடத்திலேயே நின்றது. ஜோக்கராக வேறு சீட்டுக்குப் பதிலாக அது நிற்கவில்லை. அந்த வரிசை சுத்தம்தான், ஷோவும் சரி. ஆனால் சீட்டு கலைந்துவிட்டது. மற்றவர்கள் கையில் இருந்த புள்ளியை எண்ண வழியில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் ஆடி முடித்தார், மூன்றாவதாக வந்தார், வணக்கம் சொல்லிப் போனார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்ததுக்கும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனேன். அம்மையார் காபி கொடுத்தார். அவர் நெடுநேரம் பேரன் பேத்திகளைப் பற்றியே பேசிவிட்டு, வாசல் வரை வந்து, "புள்ளி போனா போகட்டும் சார். நான் சொல்றதைக் கேக்காமலே கலைச்சிட்டீங்களே" என்றார்.

எனக்கு உள்ளே குத்தியது எதுவென்றால், ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடமே இதுதான். ஒரு வண்டி தடம் புரண்டால், அடிபட்டவர்களைக் கவனித்த கையோடு எதையும் கலைக்காமல் அளவெடுக்க வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, சக்கரம் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று எல்லாம் குறித்துக்கொண்ட பிறகுதான் யார் மீது தவறு என்ற பேச்சு. இரும்பில் தெரிந்த அறிவு அட்டைச் சீட்டில் வரவில்லை.

அதன்பிறகு பிரிட்ஜ் ஆட்டச் சட்டங்களை வாங்கிப் படித்தேன். உலகப் பிரிட்ஜ் சம்மேளனம் 2017-ல் திருத்தி வெளியிட்ட சட்டத் தொகுப்பு அது. பிரிட்ஜை நம்மவர்கள் கனவான்கள் ஆட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த ஆட்டம் அது. பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60, கூட ஆடிய சிப்நாத் சர்க்காருக்கு 56. அந்தச் சட்டப் புத்தகத்தின் முன்னுரையிலேயே, சட்டங்களின் முதல் நோக்கம் தண்டிப்பது இல்லை, தவறு செய்யாதவருக்கு நஷ்டம் வராமல் நிலைமையைச் சரிசெய்வது என்ற கருத்து இருக்கிறது. இன்னொரு இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நடுவரே தப்பாகத் தீர்ப்புச் சொல்லி, அதனால் ஆட்டம் சரிசெய்ய முடியாமல் போனால், இரண்டு தரப்பையும் தவறு செய்யாதவர்களாகவே கருதிப் புள்ளி கொடுக்க வேண்டுமாம். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால், அவருக்கு ஷோ காட்டியதற்கான பூஜ்யம், மற்றவர்களுக்கும் அந்த ஆட்டத்தில் கணக்கு ஏறாது என்று எழுதி, என் தவறு என்று எழுந்து நின்று சொல்லியிருப்பேன்.

ஆகவே கூப்பிட்டால் போங்கள். போனவுடன், "யாரும் சீட்டைத் தொட வேண்டாம்" என்று சொல்லுங்கள். கூப்பிட்டவர் சொல்வதைக் கேளுங்கள், பிறகு மற்றவர் சொல்வதைக் கேளுங்கள். ஷோ என்றால், காட்டியவரையே ஒவ்வொரு வரிசையாக விளக்கச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் "இரண்டு நிமிடம் கொடுங்கள், கேட்டு வருகிறேன்" என்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. 'ஏமாற்று' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. நிஜமாகவே சந்தேகம் இருந்தால் அடுத்த ஆட்டத்தில் அந்த மேஜைக்கு அருகே நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். உங்கள் வீட்டுக்காரர்கள் ஆடும் மேஜைக்கு வேறு ஒருவரை அனுப்புங்கள். என் துணைவியார் ஆடிய மேஜையில் நான் நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லி, இரவு சாப்பாட்டுக்கு மோர்சாதம் மட்டும் கிடைத்த கதை வேறு.

துருப்பு ஆட்டங்களில் தொந்தரவு வேறு மாதிரி. முந்நூற்றி நாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; ஒரு ஜாதிக்கு 76, நாலு ஜாதிக்கு 304. கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். தகராறு வருவது, கேட்ட ஜாதியைக் கையில் வைத்துக்கொண்டே வெட்டுவதில். வயதானவர்களுக்குக் கண் மங்கி கிளாவரும் இஸ்பேட்டும் ஒன்றாகத் தெரிவதால் வருவதே அதிகம். பிரிட்ஜில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். தப்புப் போட்டவரோ அவர் கூட்டாளியோ அடுத்த பிடிக்குச் சீட்டுப் போடுவதற்கு முன் தெரிந்துவிட்டால், தப்புச் சீட்டை எடுத்துச் சரியானதைப் போடலாம். அதன்பின் போட்ட எதிரணிக்காரரும் தன் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். தாண்டிவிட்டால், நிலைமையைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ பிடி எதிரணிக்குப் போகும். நம் மேஜைக்கும் முதல் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பாதிக்கு, அந்த ஆட்டமே எதிரணிக்கு என்று வைத்தால் கணக்குச் சுலபம். எதுவானாலும் பிடித்த சீட்டுகளைக் குவியலாகப் போடாமல் பிடிக்குப் பிடி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கச் சொல்லுங்கள். பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள்தான் நடுவருக்குப் பெரிய சோதனை. சுண்டலைக் கொறித்துக்கொண்டே "அடடா, அதைப் போட்டுட்டாரே!" என்று ஒரு குரல் வரும், ஆட்டம் முடிந்தது. பார்வையாளர் தப்பைக் கண்டாலும் ஆட்டத்தின்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது பிரிட்ஜ் சட்டத்திலேயே உண்டு. நம் சங்கத்தில் இதை அமல்படுத்துவதற்கு, அவர்களுக்குத் தனியாக ஒரு கேரம் பலகை போட்டுவிடுவது உத்தமம்.

இந்தத் தடவை ரம்மிக்கும் முந்நூற்றி நாலுக்கும் இரண்டு பக்கச் சட்டத்தாள் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். எழுதும்போது பக்கத்தில் இருந்து திருத்தியவர், இஸ்பேட்டு இரண்டு வைத்திருந்த அதே அன்பர்தான். முதல் சட்டமாக அதைத்தான் எழுதச் சொன்னார். வாசக அன்பர்கள் வாங்கிப் படித்து, உங்கள் ஊர் வழக்கம் வேறாக இருந்தால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு யார் தாத்தாவையும் நாங்கள் கேட்பதாக இல்லை.