உங்களுக்குத் தெரியுமா? கரடியைக் காக்கும் சட்டம் அதன் காட்டைக் காப்பதில்லை

கோலா லங்காட் வடக்குக் காப்புக்காடு, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கிள்ளானுக்குத் தெற்கே எஞ்சியிருக்கும் கரிச்சதுப்புக் காடு. 1927இல் ஏழாயிரம் ஹெக்டருக்கு மேல் பரந்திருந்த இது, 2020க்குள் 957 ஹெக்டராகச் சுருங்கிவிட்டது. தேநீர் நிறத்தில் புளிப்பேறித் தேங்கும் இதன் நீரில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு செந்நிறச் சண்டை மீன் வாழ்கிறது. சிலாங்கூரைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. சூரியக் கரடியும் இங்குண்டு.

2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கரடியைக் கொல்வது குற்றம். அது வாழும் காடோ மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நிலம் கூடுதல் பொருளாதாரப் பயனுக்குத் தேவைப்பட்டால், காப்புக்காட்டை விடுவிக்க வனச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது. ஓட்டை இங்கேதான்!

2020 பிப்ரவரியில் இந்தக் காட்டின் 931 ஹெக்டரை மேம்பாட்டுக்காக விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. பொது விசாரணையைக் கட்டாயமாக்கிய சிலாங்கூரின் 2011 திருத்தம்தான் மக்கள் ஆட்சேபிக்க வழிவிட்டது. தெமுவான் பூர்வகுடியினர் முன்னணியில் நின்றனர். அப்படியிருந்தும் 2021 மே மாதம் 536 ஹெக்டர் கைவிட்டுப் போனது. எதிர்ப்பு வலுக்கவே, செப்டம்பர் 8 அன்று மந்திரி புசார் (மாநில முதல்வர்) அமிருடின் ஷாரி, காட்டை விடுவித்த முடிவு ரத்தாவதாக அறிவித்தார்.